வெள்ளிக்கிழமைக் கடிதம்

"எங்க வீட்ல ஊசி போடாத பிள்ளை இருக்குன்னு உங்களுக்கு யாருங்க சொன்னது? முதல்ல அதைச் சொல்லுங்க!"

வாசலில் நின்ற நர்ஸ், தோளில் தொங்கிய மருந்துப் பெட்டியைக் கீழே இறக்கிவைத்தார். "தகவல் வந்துச்சு சார். தட்டம்மை பரவுது. இந்தத் தெருவிலயே ரெண்டு பிள்ளைங்க ஆஸ்பத்திரியில கிடக்குதுங்க."

"அதுங்க ஸ்கூலுக்குப் போற பிள்ளைங்க. அங்கிருந்து ஒட்டிக்கிட்டு வந்திருக்கும். என் பொண்ணு வீட்லயே படிக்கிறா. படி இறங்கினா என்கூடத்தான். அவளுக்கு எதுக்கு?"

"தட்டம்மை என்ன, அட்டெண்டன்ஸ் பார்த்துட்டா சார் வருது?"

உள்ளே சாப்பாட்டு மேஜையில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த பத்து வயது மகள் களுக்கென்று சிரித்தாள். அப்பா திரும்பி முறைத்ததும் நோட்டுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டாள்.

அந்த மேஜைதான் அவளுக்குப் பள்ளிக்கூடம். வாத்தியார், தலைமையாசிரியர் எல்லாமே அப்பாதான். காலையில் கணக்கு, மத்தியானம் அறிவியல், வெள்ளிக்கிழமையானால் கடிதம் எழுதும் பயிற்சி. மனுஷர் பாடத்தில் ஒரு குறை வைக்கமாட்டார். பிடிவாதத்திலும் அப்படித்தான்.

"ஸ்கூல் பிள்ளைங்களுக்கு நாங்க அங்கயே போய்ப் போட்டுடறோம். வீட்ல படிக்கிறதுங்க எந்த லிஸ்ட்லயும் வராம விட்டுப்போயிடுதுங்க. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டீங்கன்னா ரெண்டு நிமிஷ வேலை."

"நாலு பேர் செய்றாங்கன்னு நான் செய்யமாட்டேங்க. பொண்ணு சொந்தமா யோசிக்கணும்னுதான் வேலையை விட்டுட்டு உட்கார்ந்து சொல்லித் தர்றேன். நல்லா இருக்கிற உடம்புல ஊசியைக் குத்தி, ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா..." அவருக்குப் பயம். அதைக் கோபமாகத்தான் காட்டத் தெரிந்திருந்தது.

எதிர்வீட்டு ஜன்னல் மெல்லச் சாத்திக்கொண்டது.

"ஓ! எதிர்வீட்டுக்காரர்தான் போட்டுக்கொடுத்ததா? இருங்க, நேர்லயே கேட்டுட்டு வர்றேன்!" செருப்பை மாட்டினார்.

"அப்பா!" மகள் ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். "அந்த மாமா பாவம்பா, ஒண்ணும் சொல்லல. அக்கா, அதைக் காட்டிடுங்க."

நர்ஸ் தயங்கியபடி, நான்காக மடித்த ஒரு தாளை எடுத்து நீட்டினார்.

முத்து முத்தான எழுத்து. 'பெறுநர்: சுகாதார நிலையம். பள்ளிப் பட்டியலில் இல்லாத பிள்ளைக்கும் நோய் வரும். எனவே எங்கள் வீட்டுக்கு வந்து எனக்குத் தடுப்பூசி போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.'

"இது போன வெள்ளிக்கிழமை எழுதினதாச்சே? பயிற்சிக்கு எழுதினதுதானே?"

"பயிற்சின்னு நீங்களா நினைச்சுக்கிட்டீங்க. நான் அம்மாகிட்ட கொடுத்துத் தபால்ல போடச் சொன்னேன்."

அவர் கண் தாளின் அடிப்பகுதிக்கு இறங்கியது. அங்கே சிவப்பு மையில், அவரே எழுதியது:

'பத்துக்குப் பத்து. நியாயமான கோரிக்கை. யாராலும் மறுக்க முடியாது.'