உப்புக்குள் ஒரு நிலையம்

வளைகுடாவின் அல் குசைஸ் வெயில் திரைச்சீலையைத் தாண்டிச் சாப்பாட்டு மேசைமேல் விழுகிறது. மகள் சுபிஷா, பள்ளிக் கண்காட்சிக்காக அட்டையில் செய்த வீட்டின்மேல் உப்பைக் கொட்டுகிறாள். அண்டார்டிகாவில் இந்தியா கட்டிய முதல் ஆய்வு நிலையம் அது, தட்சிண் கங்கோத்ரி, பனியில் புதைந்துபோனதாம். வேலை பார்த்த ஏசி கம்பெனி மூடியதும் டூல்ஸ் பையைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டுப் பேச்சையும் குறைத்துக்கொண்ட என் கணவர் ஞானசிங், அதன் கூரை மறைவதையே பார்க்கிறார். "உள்ள இருந்தவங்க எங்க போனாவ மக்களே?" என்று மகளிடம் கேட்கிறார். "எல்லாரும் சேஃப் டாடி. பாறை மேல புதுசா ஒண்ணு கட்டிட்டாங்க. மைத்ரி." "அத ஏன் செய்யல?" "டைம் இல்ல. ஹெல்ப் கேக்கலாம்னா நீங்கதான் தூங்கிட்டே இருக்கீங்களே." உப்புப் பரல்கள் மேசை விளிம்பில் மினுங்குகின்றன. நான் சமையலறைக் குழாயைச் சத்தமில்லாமல் மூடுகிறேன். கட்டிலுக்கடியிலிருந்து பை இழுபடுகிறது, ஜிப் திறக்கிறது. "அட்டை மிச்சம் கெடக்கா?" என்கிறார், அளவு நாடாவை நீட்டியபடி.