வெறுந்தொடை

காலையில் என் கணவர் தாவித்தா சுட்டுத் தந்த சீமைப்பலாவின் கரி என் நகத்தில் இன்னும் இருக்கிறது. ஆப்பியா நகரில் ஒரு சிகிச்சை அறையில் நிற்கிறோம். தகரக் கூரையில் மழை. மூட்டு பார்க்கும் பெண் ரூத்தா, "லாவலாவாவ அவுத்துட்டு ஒத்தக் கால்ல நில்லுங்கய்யா" என்கிறாள். அவர் இடுப்பில் சுற்றிய அந்தத் துணியின் முடிச்சை இறுகப் பிடித்துக்கொள்கிறார். அவருடைய வலது தொடை முழுக்கப் பச்சை குத்தியிருக்கிறது. வலி தாங்காமல் பாதியில் எழுந்து வந்துவிட்டதால் இடது தொடை வெறுமை. எங்கள் தீவில் பாதியில் விட்ட பச்சை குடும்பத்துக்கே தலைகுனிவு. பெற்ற பிள்ளைகளுக்கும் அவர் காட்டியதில்லை. "துணியோடயே பாரேன்மா." "துணியா நொண்டுது? நீங்கதான நொண்டுறீங்க." முடிச்சு அவிழ்கிறது. ரூத்தா மண்டியிட்டு, இரு கட்டைவிரல்களையும் அவர் இடுப்பெலும்பில் வைக்கிறாள். வலது காலில் நேராக நிற்கிறார். இடது காலுக்கு மாறியதும் இடுப்பு ஒரு பக்கமாகச் சரிகிறது. அவள் சரிவை மட்டும் பார்க்கிறாள். நானும் அவரும் ஒரே தரையோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்த இடுப்புக்குள் இன்னும் எங்களுக்குத் தெரியாமல் இருக்கும் ஒரு கட்டி, இந்த மழைக்காலம் முடிவதற்குள் அவரைக் கொண்டுபோகப்போகிறது. பிள்ளைகளை வெளியே நிறுத்திக் கதவைச் சாத்திக்கொண்டு, நான் ஒருத்தியாகவே அவர் உடலைக் குளிப்பாட்டுவேன். அப்போதும் இடது தொடை வெறுமையாகத்தான் இருக்கும்.