ரெஜினாவின் குரல்

ஊருக்குக் குடிநீர் வழங்கும் கம்பெனி தன் சுற்றுச்சூழல் பிரிவைச் சீரமைத்தபோது, அங்கே தண்ணீரைப் பரிசோதித்துவந்த ரெஜினாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, அவள் குரலை மட்டும் வைத்துக்கொண்டது. வாடிக்கையாளர்கள் போன் செய்தால் இயந்திரம் அந்தக் குரலில் பதில் சொல்லும். யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஒருநாள் மருந்துக்கடையில், குழந்தைகள் காப்பகம் நடத்தும் ஷகிலா அவளை மறித்தாள்.

"பிள்ளைங்க வாந்தி எடுக்குறாங்க மேடம். தண்ணி நல்லாத்தான் இருக்குன்னு காலையிலகூட போன்ல சொன்னீங்களே!"

"நான் சொல்லல ஷகிலா. என்னை வேலையை விட்டே அனுப்பிட்டாங்க."

ரெஜினா அவளோடு காப்பகத்துக்குப் போனாள். தொட்டியைத் திறந்ததுமே சாயக்கழிவு நெடி மூக்கில் ஏறியது. குழாயை அடைத்துவிட்டுக் கம்பெனிக்கு போன் போட்டாள்.

"வணக்கம், ரெஜினா பேசுறேன். உங்க தண்ணீர் பாதுகாப்பானது."

தன் குரலிடமே மேலாளரைக் கூப்பிடச் சொன்னாள். லைனில் வந்தவர், தண்ணீரில் சாயக்கழிவு கலந்திருப்பதை அவள் சொன்னதும் சீறினார்.

"வாடிக்கையாளர்களைக் குழப்பினா கேஸ் போடுவோம்!"

"போடுங்க சார். அதுக்கு முன்னாடி உங்க ரெஜினாவை இந்தத் தண்ணியில ஒரு டம்ளர் குடிக்கச் சொல்லுங்க. மத்த வாடிக்கையாளர் வீட்டுக்கெல்லாம் நானே நேர்ல போறேன்."

பிள்ளைகளை ஆயாவிடம் விட்டுவிட்டு ஷகிலா ஸ்கூட்டரைக் கிளப்பினாள்.

"ஏறுங்க மேடம். முதல்ல எந்தத் தெரு?"