ராணி சொன்ன பதில்

அந்த ஊரில் யார் எங்கே கிளம்பினாலும் "விளக்கு உன் பொறுப்பு" என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்புவார்கள். பட்டப்பகலில் மாவு அரைக்கப் போகிறவள்கூட அதையே சொன்னாள். வாழ்க்கைப்பட்டு வந்த செண்பகவல்லிக்கு அது விளங்கவில்லை. லாரி ஓட்டும் கணவன் தவமணி, போனால் மாதக்கணக்கில் திரும்பாதவன், அவனும் அதைச் சொல்லித்தான் படியிறங்குவான்.

"ஏங்க அப்படிச் சொல்றீங்க?"

"நல்லா கேட்ட போ! கொட்டாவிக்கும் காரணம் கேப்பியா?"

திருவிழாவில் வருஷம் தவறாமல் போடும் ராஜா நாடகம் நடந்தது. இடம் கிடைக்காமல் அவள் மேடையோரம், ஆர்மோனியக்காரர் பக்கத்தில் ஒண்டிக்கொண்டாள். போருக்குக் கிளம்பிய ராஜா ராணியைப் பார்த்து, "விளக்கு உன் பொறுப்பு" என்றார். கூட்டமே கூடச் சேர்ந்து சொல்லி, விசிலடித்து, துண்டை வீசியது. அந்த இரைச்சலுக்குள் ராணி பதில் சொன்னாள்.

"இதை யாருமே கேட்டதில்லையாண்ணே?" என்றாள் செண்பகவல்லி.

"விசிலு நின்னாத்தானேம்மா கேக்கும்" என்றார் ஆர்மோனியக்காரர்.

மறுநாள் காலை தவமணி சாவியை எடுத்துக்கொண்டு, வழக்கம்போல அதையே சொன்னான். அவள் ராணி சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொல்லிவிட்டாள்.

"விளக்கைக் குளிர வைத்துவிட்டேன், அரசே. நானும் வருகிறேன்."

அவன் படியிலேயே நின்றான். சிரிப்பான் என்று நினைத்தாள், சிரிக்கவில்லை. லாரியின் இடப்பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"அந்தக் கதவு உள்ளயிருந்துதான் தொறக்கும்" என்று முணுமுணுத்துவிட்டு ஏறினான்.

அவள் லாரியைச் சுற்றிக்கொண்டு போய் அந்தக் கதவருகே நின்றாள்.