மூன்று குளிர்காலச் சத்தம்

வீட்டைச் சூடாக்கும் பாய்லர்களைப் பழுதுபார்க்கிற ஷேன், மணியை அழுத்த விரலை நீட்டுவதற்குள் கதவு திறந்துகொண்டது. வீட்டுச் செருப்பும் சமையல் ஏப்ரனுமாக நின்ற மேவிஸ் அம்மாள், "உள்ள வாங்க தம்பி, குளிரு ஏறுது" என்று அவனை இழுக்காத குறையாக உள்ளே விட்டுக் கதவைச் சாத்தினாள்.

"பாய்லர் எங்கம்மா இருக்கு?"

"சமையலறையிலதான்." முன்னால் நடந்து ஓர் அலமாரியைத் திறந்தாள். மாவு டப்பாக்கள் இருந்தன. பக்கத்து அலமாரியைத் திறந்தாள். பாய்லர் இருந்தது. "வயசாயிடுச்சு" என்றாள், யாருக்கு என்று சொல்லாமல்.

ஷேன் பையைக் கீழே வைத்தான். "எந்த மாதிரி சத்தம் போடுது?"

"விடியக்காலையில முனக ஆரம்பிக்கும். அப்புறம் தகர டப்பாவுல கூழாங்கல்லப் போட்டுக் குலுக்குற மாதிரி. கடைசியில குதிர ஓடும்."

"குதிரையா?"

"ரெண்டு குதிர."

சுவரோடு சுவர் ஒட்டிய வரிசை வீடுகள் நிறைந்த இங்கிலாந்தின் ஹல் நகரத்தில் அவன் ஏறி இறங்காத தெரு இல்லை. 'என்னமோ சத்தம் வருது' என்பார்கள் எல்லோரும். குதிரையை எண்ணிச் சொன்னவர் யாரும் இல்லை.

"எவ்வளவு நாளா?"

"இது மூணாவது குளிர்காலம்."

"முன்னாடியே ஆளக் கூப்பிட்டிருக்கலாமேம்மா."

"இந்த வீட்ல சொல்லிப் பாத்தாச்சு தம்பி. பாய்லர்னா சத்தம் போடத்தான் செய்யும், போடலன்னாதான் கவலப்படணும்னு பதில் வந்துச்சு."

ஷேன் தலையாட்டினான். அப்படிப்பட்ட கணவர்களை அவனுக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் காதில் பஞ்சு வைத்துக்கொண்டு, 'எல்லாம் சரியாத்தான் இருக்கு' என்று அவனிடமே சொல்லியிருக்கிறார்.

பாய்லரை ஓடவிட்டான். முதலில் முனகல், பிறகு கூழாங்கல். சூடு ஏறியதும் குதிரைகள் வந்தன. மேவிஸ் சொன்னது சரி, இரண்டுதான்.

தண்ணீரைச் சுற்றவிடும் பம்ப்பின் மேல் கையை வைத்துப் பார்த்தான். அது சீராகத்தான் சுற்றிக்கொண்டிருந்தது. வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் திருகைத் தளர்த்தினான். காற்று சீறவில்லை, தண்ணீர்தான் வந்தது. சூட்டைக் குறைத்ததும் குதிரைகள் நடைக்கு மாறின.

"பம்ப்பும் இல்ல, காத்தும் இல்ல. உள்ள சுண்ணாம்பு படிஞ்சிருக்கு. நம்ம ஊர்த் தண்ணி லட்சணம் அப்படி. படிவுக்கு அடியில தண்ணி மாட்டிக்கிட்டுக் கொதிக்குது, அதான் இந்த ஆட்டம்."

"சரியாயிடுமா?" வைத்தியரிடம் கேட்கிற குரலில் கேட்டாள்.

"மருந்து ஊத்திக் கழுவினா சரியாயிடும். சாயங்காலம் வரைக்கும் வேல இழுக்கும். இன்னிக்கே பண்ணணுமா, அடுத்த வாரம் வரட்டுமா?"

"அடுத்த வாரம் ஆகாது. இன்னிக்கே முடிச்சுடுங்க." சுவரைக் காட்டினாள். "என் புருஷன் சிரிலுக்கு இதயத்துல ஆபரேஷன் பண்ணி வீட்டுக்கு அனுப்பியிருக்காங்க. தூக்கம்தான் மருந்துன்னாரு டாக்டர். மாடி ஏறக் கூடாதுன்னு கட்டிலக் கீழ எறக்கிட்டோம். இந்தச் செவுத்துக்கு அந்தப் பக்கம்தான் படுத்திருக்காரு. இது முனக ஆரம்பிச்சா போதும், நெஞ்சப் பிடிச்சுக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துடறாரு."

ஷேனின் குரல் தானாகவே தாழ்ந்தது. அதன் பிறகு ஸ்பேனரைக்கூடத் தரையில் வைக்கவில்லை, மடித்த துணியின் மேல் வைத்தான்.

மருந்தை ஊற்றி, குழாய்கள் முழுக்க ஓடவிட்டு, ரப்பர் குழாய் வழியாகக் கொல்லைச் சாக்கடையில் இறக்கினான். முதலில் மையாக வந்தது. அப்புறம் பால் விடாத டீ நிறத்தில் வந்தது. கடைசியில்தான் தண்ணீர் தண்ணீராக வந்தது.

மேவிஸ் அவனுக்கு டீ போட்டுக் கொடுத்தாள், தட்டில் இரண்டு பிஸ்கட்டும் வைத்தாள். தான் மட்டும் உட்காரவே இல்லை. தெருப்பக்கத்து ஜன்னலுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள்.

"உக்காருங்கம்மா. நீங்க நடக்குறதால இது சீக்கிரம் முடியாது."

"முடியணுமே தம்பி."

புதுத் தண்ணீர் நிரப்பி, பாய்லரைப் பற்ற வைத்தான். சூடு உச்சத்துக்கு ஏறும் வரை இருவரும் அலமாரிக்கு முன்னால் நின்றார்கள். முனகல் வரவில்லை. கூழாங்கல் வரவில்லை. மெல்லிய மூச்சு மாதிரி ஒன்று, அவ்வளவுதான்.

மேவிஸ் சுவரில் காதை வைத்தாள். கண்ணை மூடிக்கொண்டாள். அவள் முகம் கொஞ்சம் கொஞ்சமாக இளகுவதை ஷேன் பார்த்துக்கொண்டிருந்தான்.

"கொறட்ட விடறாரு" என்றாள். "ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த பெறகு இப்பத்தான் கேக்குறேன்." ஏப்ரன் நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "முன்னெல்லாம் இந்தக் கொறட்டையத் திட்டிக்கிட்டே இருப்பேன்."

ஷேனுக்கும் மனம் நிறைந்திருந்தது. கருவிகளைத் துடைத்துப் பையில் போட்டான். பிறகு வழக்கம்போல, தன் பெயரும் தொலைபேசி எண்ணும் இன்றைய தேதியும் எழுதிய ஸ்டிக்கர் ஒன்றை உரித்து, பாய்லரின் நெற்றியில் ஒட்டப் போனான். "அடுத்த வருஷம் இதப் பாத்து மறக்காமக் கூப்பிடுங்கம்மா."

மேவிஸ் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அத ஒட்டாதீங்க தம்பி. செடிக்குத் தண்ணி ஊத்தச் சொல்லித்தான் இந்த வீட்டுக்காரங்க எங்கிட்ட சாவியக் குடுத்துட்டுப் போயிருக்காங்க."