நான்கு கியரும் பின்னோக்கி

சபாபதி கேட்டபடியே, அவருடைய பழைய மோரிஸ் மைனரின் இன்ஜினை எதிர்த்திசையில் சுழல வைத்துவிட்டான் மெக்கானிக் துரைக்கண்ணு. இனி நான்கு கியரிலும் கார் பின்னால்தான் போகும்.

"இருக்கிற ரிவர்ஸ் கியர் போதாதா சார்?"

"சுடுகாட்டுலேருந்து வீடு வரைக்கும் அதுல வந்தா சூடாயிடும். கொள்ளி வச்சவன் திரும்பிப் பாக்கக் கூடாதுங்கிறாங்க. நான் திரும்பப் போறதில்ல. புகையைப் பாத்துக்கிட்டே வரப்போறேன்."

யாருக்கு என்று துரைக்கண்ணு கேட்பதற்குள் வீட்டுக்குள்ளிருந்து இருமல் வந்தது. சபாபதி காரை இரண்டு முறை சுற்றி வந்தார். அவர் மனைவி மரகதம் சுவரைப் பிடித்துக்கொண்டு ஜன்னலுக்கு வந்து, ஓடும் இன்ஜினின் சத்தத்தைக் கேட்டபடி நின்றாள்.

"வண்டி தயாராயிடுச்சாங்க?"

"இன்னும் இல்ல மரகதம்."

சாவியைத் திருப்பி இன்ஜினை அணைத்தார். பிறகு துரைக்கண்ணுவிடம் மெதுவாகச் சொன்னார்.

"எல்லாத்தையும் மறுபடி கழட்டு."