மாதாவுக்கு ஒரு மொட்டை

ஆஸ்பத்திரிச் சீட்டிலிருந்த ‘பாலியேட்டிவ் கேர்’ என்றால் தன் கேன்சர் குணமாகிவிட்டது என்று அர்த்தம் என, குப்பம் முழுக்கச் சொல்லிவிட்டான் லாரன்ஸ்.

அது நோயைத் தீர்க்காது, வலியை மட்டும்தான் குறைக்கும் என்று நர்ஸ் சொன்னதை அவன் மனைவி ரெஜினா அவனிடம் சொல்லாமல் மென்று விழுங்கினாள்.

“கீமோவ நிறுத்துனதுல முடி வளந்துட்ச்சு. மாதா கோயிலுக்குப் போலாம், வா.”

“இன்னா அவசரம்? இன்னும் வளரட்டும்.”

“குணமானா எனக்கு மொட்டைன்னு நீதான நேந்துக்கின?”

மறுத்தால் காரணம் கேட்பான். கூடப் போனாள்.

மெழுகுவத்தி வாங்கிக்கொண்டு அவள் திரும்பியபோது, முடி மழிப்பவர் அவன் தலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

“ஒடம்பு சொகமாயிட்ச்சா நைனா?”

“இல்லப்பா. ரெண்டு மாசந்தான்னு டாக்டரு என்னாண்ட சொல்லிட்டாரு.”

“அப்புறம் இன்னாத்துக்கு மொட்ட?”

“நேந்துக்கினது எம் பொண்டாட்டி. வேண்டுதல் பலிக்கலன்னு தெரிஞ்சா, நான் போனப்புறம் அது இந்தப் பக்கமே வராது. மாதாவ வுட்டா அதுக்கு வேற யாரு கீறா?”

ரெஜினா சத்தமில்லாமல் பத்தடி பின்னால் போனாள். பிறகு அப்போதுதான் வருகிறவளைப் போல, செருப்புச் சத்தம் கேட்க நடந்து வந்தாள்.